ஒரு சொல்லுக்கு மூன்று வாரம்: ஒரு மொழிபெயர்ப்புச் சேவையைப் பற்றி

சிங்கப்பூரின் துவாஸ் தொழில்வட்டாரத்தில் இருக்கும் எங்கள் நிறுவனம் எண்ணெய்த் தொட்டிகள், குழாய்கள், அழுத்தக் கலன்கள் ஆகியவற்றின் பற்றவைப்புகளை (வெல்டிங்)ச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் சிறு நிறுவனம். சென்ற ஆண்டு அலுவலகத்தைப் புதுப்பித்தபோது, நேர்மையையும் பழுதில்லாத முழுமையையும் குறிக்கும் ‘இன்டெக்ரிட்டி’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பித்தளையில் பொறித்து வரவேற்பறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்றும், அதே கையோடு பணித்தளத்துப் பாதுகாப்பு அறிவிப்புகளையும் தமிழில் எழுதிவிட வேண்டும் என்றும் முதலாளி விரும்பினார். அலுவலகத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. நானே எழுதித் தந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சுவரில் ஏறும் எந்த வாசகத்துக்கும் வெளியார் ஒருவரின் கையொப்பமும் ரசீதும் வேண்டும் என்பது எங்கள் கணக்குப் பிரிவின் விதி. அந்த விதியின் புண்ணியத்தில் இரண்டு மொழிபெயர்ப்புச் சேவைகளை அடுத்தடுத்துப் பயன்படுத்த நேர்ந்தது. இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. முதலாவதைச் சொல்லாமல் விடுவதற்கு விளக்கம் தேவையில்லை; இரண்டாவதை நடத்தும் அம்மையார், கையில் இருக்கும் வேலையே போதும், பெயரைப் போட்டுக் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

முதல் நிறுவனம், கோப்பை இணையத்தில் ஏற்றினால் இருபத்து நான்கு மணி நேரத்தில் மொழிபெயர்ப்பு கிடைக்கும் என்று சொன்னது. சொன்னபடி செய்யவும் செய்தது. கட்டணம் 48 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மறுநாள் காலையில் வந்த கோப்பில் சுவருக்கான சொல் ‘ஒருமைப்பாடு’ என்றிருந்தது. தொட்டிக்கருகில் வைக்க வேண்டிய பலகையிலோ, ‘நேர்மைச் சோதனை முடியும்வரை இந்தத் தொட்டியின் வால்வைத் திறக்கக் கூடாது’ என்றிருந்தது. ‘இன்டெக்ரிட்டி’ என்ற ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது, இரண்டு இடத்துக்கும் இரண்டு தமிழ்ச் சொல் தேவை என்பதுவரை யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், சரியாகவே கண்டுகொண்டிருக்கிறது; எந்தச் சொல் எந்த இடத்துக்கு என்பதில்தான் கோட்டைவிட்டது. அச்சிட்ட மாதிரித் தாள்களைப் பணித்தளத்துக்கு எடுத்துச் சென்று, பற்றவைப்பு வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவரிடம் காட்டினேன். முதல் தாளைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, நம்ம கம்பெனிய வேற கம்பெனியோட சேக்கப் போறாங்களா?” என்று கவலையுடன் கேட்டார். இரண்டாவது தாளைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தொட்டி பொய் சொல்லுமாண்ணே?”

கோபம் தணிந்த பிறகு பார்த்தால், அந்தப் பிழைக்கும் ஒரு வம்சாவளி இருப்பது தெரிந்தது. இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் ‘தேசத்தின் ஒற்றுமை’ என்று மட்டும் இருந்த இடத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் ‘இன்டெக்ரிட்டி’ என்ற சொல்லையும் சேர்த்தது. நாடு துண்டுபடாமல் முழுதாக இருப்பது என்பதே அங்கே அதன் பொருள். அதைத் தமிழில் ஒருமைப்பாடு என்கிறோம். ஆகவே அந்தச் சொல் தவறான சொல் இல்லை. வேறொரு வீட்டுக்குப் போக வேண்டிய கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால், அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து அனுப்புவதற்கு 48 வெள்ளி அதிகம்.

இரண்டாவது சேவையை எனக்குக் காட்டியவர் என் மனைவியின் தாய்மாமா. அப்பர் சிராங்கூன் வட்டாரத்தில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில், முடிதிருத்தும் கடைக்கும் மளிகைக் கடைக்கும் இடையில், ஒரு மேசையும் இரண்டு கணினியும் மட்டும் கொண்ட கடை. பல்லாண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையாரும், வடிவமைப்பு வேலையைக் கவனிக்கும் அவருடைய மருமகனும் நடத்துகிறார்கள். நான் அவரை ‘டீச்சர்’ என்றுதான் அழைத்தேன். கடைக்கு வரும் எல்லாருமே அப்படித்தான் அழைக்கிறார்கள். வேலையை ஒப்படைத்த மூன்றாம் நாள் எனக்குக் கிடைத்தது மொழிபெயர்ப்பு இல்லை, ஐந்து கேள்விகள். சொல் எங்கே நிற்கப் போகிறது? யார் நின்று படிப்பார்கள்? எத்தனை அடி தூரத்திலிருந்து? மற்ற மூன்று மொழிகளில் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? தொட்டியை எப்படிச் சோதிக்கிறீர்கள், அதை நேரில் பார்க்க முடியுமா? அவசரத்தில் இருந்த எனக்கு அன்று எரிச்சல்தான் வந்தது. அந்த ஐந்தாவது கேள்வியில்தான் முழு வேலையும் அடங்கியிருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

கேள்விகளுக்குப் பதில் அனுப்பிய பிறகு, இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அந்தக் குறிப்புதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். லத்தீனில் ‘இன்டெகர்’ என்றால் முழுமையானது, குறைபடாதது. அதையும் பிரித்தால், ‘இன்’ என்ற எதிர்மறை முன்னொட்டும், தொடுதலைக் குறிக்கும் ‘தாங்கெரெ’ என்ற வினையின் வேரும் கிடைக்கின்றன, அதாவது ‘தொடப்படாதது’. கணக்குப் பாடத்தில் முழு எண்ணைக் குறிக்கும் ‘இன்டிஜர்’ இதே சொல்தான். சேதமில்லாமல் இருப்பதைச் சொல்லும் ‘இன்டாக்ட்’ இதே வேரில் பிறந்தது. ‘என்டயர்’ பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததால் உருவம் மாறிவிட்ட இன்னொரு பிள்ளை. ஒன்றிணைப்பைச் சொல்லும் ‘இன்டெக்ரேஷன்’ உடன்பிறப்பு, முதல் நிறுவனம் வழிதவறியதற்கும் இந்த உறவு ஒரு காரணமாக இருக்கலாம் என்று டீச்சர் பெருந்தன்மையுடன் எழுதியிருந்தார். ‘இன்டெக்ரிட்டி’ 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒரு பொருள் முழுதாகவும் பழுதில்லாமலும் இருப்பதையே முதன்மையாகக் குறித்தது. மனிதனின் நடத்தையைச் சொல்லும் பொருள் அதன்மேல் படிந்து, பின்னர் அதுவே முன்னால் வந்து நின்றுவிட்டது. ஆனால் பொறியாளர்கள் பழைய பொருளைக் கைவிடவே இல்லை. குழாய், கப்பல், பாலம், கணினித் தரவு எதுவாக இருந்தாலும், அது உடையாமல், ஓட்டை விழாமல், கெடாமல் இருப்பதற்கு அவர்கள் வழங்கும் சொல் இன்றும் அதுதான். எங்கள் தொழிலில் காலை முதல் மாலை வரை அந்தப் பழைய பொருளில் புழங்கிக்கொண்டே, சுவரில் மட்டும் புதிய பொருளில் எழுதுகிறோம் என்பது அந்தக் குறிப்பைப் படித்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

மற்ற இரண்டு மொழிகளைப் பற்றியும் சில வரிகள் இருந்தன. மலாயில் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்பிருந்தே அரபு வழி வந்த ‘அமானா’ என்ற சொல் அங்கே புழங்குகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது அதன் அடிப்பொருள்; தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘அமானிதம்’ என்று வழங்குவதும் அதைத்தான். மாண்டரினில் எங்கள் முதலாளி தேர்ந்தெடுத்திருந்த ‘லியான்ஜெங்’ என்ற சொல்லில் லியான் என்பது கறைபடாமையையும் ஜெங் என்பது கோணாமல் நேராக இருப்பதையும் குறிக்கின்றன. ஆகவே, லத்தீன்காரர் முழுமையை நினைத்த இடத்தில் சீனர் நேர்கோட்டை நினைத்திருக்கிறார்கள்; அந்த விஷயத்தில் தமிழர் சீனர் பக்கம் என்று எழுதி, அதற்கடியில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடும் போட்டிருந்தார். ஆசிரியர் பழக்கம் போகவில்லை.

தமிழுக்கு அவர் நான்கு சொற்களை முன்வைத்திருந்தார். முதலாவது நேர்மை. நேர் என்றால் வளையாதது, ஒப்பானது. நல்லாட்சியைச் செங்கோல் என்றும் கெட்ட ஆட்சியைக் கொடுங்கோல் என்றும் சொன்ன மொழி இது. கோல் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்பதே நமக்கு அறத்தின் அளவு. இரண்டாவது வாய்மை. உள்ளத்தில் இருந்தால் உண்மை, வாயில் வந்தால் வாய்மை, மெய்யால் செய்தால் மெய்மை என்ற பழைய விளக்கத்தைச் சொல்லிவிட்டு, இதைச் சொற்பிறப்பாகக் கொள்ளாமல் அழகான பாடமாகக் கொள்க என்று எச்சரித்திருந்தார். ஆயினும் மூன்றும் ஒன்றாக இருக்கும்போது ஒரு மனிதன் பிளவுபடாமல் முழுதாக இருக்கிறான் என்ற எண்ணம், லத்தீன் சொல்லுக்கு மிக அருகில் வருகிறது என்பதையும் விடவில்லை. மூன்றாவது கைசுத்தம், பேச்சுத் தமிழில் இதைவிட உயிருள்ள சொல் இல்லை, ஆனால் பித்தளைப் பலகையில் பொறித்தால் கை கழுவும் இடத்துக்கு வழி காட்டுவதாக நினைப்பார்கள். நான்காவது நாணயம்.

நாணயத்தை நான் விடுவதாக இல்லை. என் அப்பா ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால், “நாணயமான மனுஷன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். காசுக்கும் குணத்துக்கும் ஒரே சொல்லை வழங்குவது எத்தனை மொழியில் உண்டு என்று டீச்சரிடம் தொலைபேசியில் வாதாடினேன். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்கே போய், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டி, இரண்டு பொருளும் அங்கே அடுத்தடுத்து இருப்பதைக் குறித்துக்கொண்டு வந்தேன். சொல் வடமொழி ‘நாணக’த்திலிருந்து வந்தது, அதையும் பின்தொடர்ந்து போனால், குஷானர் காசுகளில் பொறிக்கப்பட்ட ‘நானா’ என்ற பெண் தெய்வத்தின் பெயரில் போய் நிற்கிறது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எடையிலும் உலோகத்திலும் சொன்னபடி இருக்கும் காசைப்போல, சொன்னபடி இருக்கும் மனிதன். சுண்டிப் பார்த்தால் ஓசையிலேயே நல்ல காசு தெரிந்துவிடும். பற்றவைப்பைச் சோதிக்கும் நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, ஆர்கேட்ல போய் நின்னு பாருங்க” என்றார். ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடு என்றால் ஒரு தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழருக்குப் பணம் மாற்றும் கடைகள்தான் நினைவுக்கு வரும். ஒற்றைச் சொல்லாக, எந்தத் துணையும் இல்லாமல், பளபளக்கும் பித்தளையில் ‘நாணயம்’ என்று எழுதி வாசலில் மாட்டினால், வருகிறவர் ரிங்கிட்டை எடுத்து நீட்டுவார் என்பது அவர் கட்சி. ‘நாணயமான’ என்று ஓர் ஆளோடு சேர்த்துச் சொல்லும்போது குணம். தனியே நிறுத்தினால் காசு. இதற்கு என்னிடம் பதில் இல்லை. தோற்றுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. அரசாங்கச் சேவையின் மூன்று விழுமியங்களில் முதலாவதாக நிற்பதும், 1952இல் தொடங்கிய லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைப் பற்றிய செய்திகளில் நாம் திரும்பத் திரும்பப் படிப்பதும் நேர்மை என்ற சொல்தான். இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் அதுவே என்பதால் சுவரில் அதுவே ஏறட்டும் என்று முடிவானது.

என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, குறிப்பின் கடைசியில் பட்டினப்பாலையிலிருந்து ஓர் அடியைச் சேர்த்திருந்தார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பேசும் இடத்தில் வரும் ‘வடு அஞ்சி வாய் மொழிந்து’ என்ற அடி அது. பழி வந்துவிடுமோ என்று அஞ்சி உண்மையே பேசுபவர்கள் என்பது பொருள். வடு என்றால் பழி, தழும்பும் வடுதான். தொடப்படாதது என்று லத்தீன்காரன் சொன்னான், தழும்பு விழுந்துவிடக் கூடாது என்று நம் வணிகன் அஞ்சினான் என்று டீச்சர் எழுதியிருந்த வரியை நான் பலமுறை படித்தேன். பற்றவைப்பில் வரும் கோளாறுகளைப் பற்றி நாள் முழுவதும் அறிக்கை எழுதுபவனுக்கு, வடு என்ற சொல் வேறு எவரையும்விட நெருக்கமாகப்படும்.

இனி தொட்டிக்கு வருகிறேன். டீச்சர் நிஜமாகவே துவாஸுக்கு வந்தார். பாதுகாப்புக் காலணி அவர் அளவில் இல்லை. இரண்டு ஜோடி காலுறை போட்டு ஒப்பேற்றினோம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வேலை நேரத்தில் தாங்க வேண்டிய அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றி, குறித்த நேரம்வரை அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதைக் காட்டினேன். காற்றை அடைத்தால் என்ன என்று கேட்டார். காற்று அமுங்கும், தொட்டி பிளந்தால் அமுங்கிய காற்று வெடித்து ஆளைக் கொல்லும். தண்ணீர் பெரும்பாலும் அமுங்காது என்பதால், விரிசல் இருந்தால் பீய்ச்சியடித்து அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், அவ்வளவுதான். அடுத்து மீயொலிச் சோதனை. பற்றவைப்பின்மேல் களிம்பைத் தடவி, சிறு கருவியை வைத்து நகர்த்தினால், காதுக்குக் கேட்காத ஒலி இரும்புக்குள் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் போய், மறுபக்கத்தில் மோதித் திரும்பும். நடுவில் விரிசல் இருந்தால் அதில் பட்டு முன்னதாகவே திரும்பிவிடும். திரும்பிவந்த நேரத்தை வைத்து விரிசல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிடுவோம்.

திரையில் எழும்பிய கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “இதத்தான எங்கம்மா கேம்பல் லேன்ல செய்வாங்க” என்றார். லிட்டில் இந்தியாவின் அந்தத் தெருவில் பொங்கல் நேரத்தில் பானை வாங்கும்போது, விலை கேட்பதற்கு முன்னால் கையை மடக்கி மூட்டால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்று ஒலித்தால் முழுப் பானை. சொத்தென்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ கீறல் இருக்கிறது. என் அப்பத்தாவும் அப்படித்தான் தட்டுவார். இருபது ஆண்டாக அதே வேலையை விலையுயர்ந்த கருவியால் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இந்தச் சோதனைக்குத்தான் முதல் நிறுவனம் நேர்மைச் சோதனை என்று பெயர் வைத்தது.

பலகைக்குச் சொல் தேடும்போது, டீச்சர் ‘கட்டுறுதி’, ‘பழுதின்மை’ என்று இரண்டு மூன்று சொற்களை எழுதிப் பார்த்துவிட்டு, அவற்றையெல்லாம் அடித்துவிட்டார். பிறகு தொழிலாளர்களிடமே போய், “இதுக்கு நீங்க என்னப்பா பேரு சொல்லுவீங்க?” என்று கேட்டார். புதுக்கோட்டைத் தம்பி, “பிரஷர் டெஸ்ட்டும்மா” என்றார். பலகையில் இன்று இருப்பது இதுதான்: ‘பிரஷர் டெஸ்ட் முடிந்து, விரிசலோ கசிவோ இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லும்வரை வால்வைத் திறக்காதீர்கள்.’ மேடைத் தமிழை எதிர்பார்த்திருந்த எனக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால், ஆபத்தான இடத்தில் படித்த மறுநொடி புரிய வேண்டிய வாசகத்தில் தனித்தமிழ்ப் பற்றைக் காட்டுவது, அந்த இடத்துக்குச் செய்யும் துரோகம் என்று அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை.

சுவர்ப் பலகைக்கு வந்த இடைஞ்சல் ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலாளி ஏதோ பயிற்சி வகுப்பில் கேட்ட கதை ஒன்றைச் சொல்லுக்கு அடியில் சிறிய எழுத்தில் பொறிக்க விரும்பினார். பழைய ரோமில் சிலை வடிப்பவர்கள் கல்லில் உள்ள வெடிப்பை மெழுகால் மறைத்து விற்றார்கள், அப்படி மறைக்காத சிலையை ‘சினே செரா’, அதாவது மெழுகில்லாதது என்றார்கள், ‘சின்சியர்’ என்ற சொல் அதிலிருந்து வந்தது என்பது கதை. விரிசலை மறைக்காத நிறுவனம் என்று விளம்பரம் செய்ய இதைவிட வசதியான கதை கிடைக்காது. டீச்சர் மறுத்துவிட்டார். சொல்லாராய்ச்சியாளர்கள் இதை ஏற்பதில்லை, பொருத்தமாக இருக்கிறது என்பதற்காகப் பின்னால் கட்டிய கதை இது, அதோடு நீங்கள் பொறிக்கும் சொல்லும் அது இல்லை என்று மூன்று வரியில் எழுதி, கதையைச் சேர்த்தால் தம் கையொப்பம் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் கதை நீங்கியது. காசு கொடுப்பவர் கேட்டதைச் செய்துவிட்டுப் போகும் சேவைதான் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது.

பொறிக்கும் வேலையில்தான் இவர்களிடம் ஒரு குறை கண்டேன். உபி வட்டாரத்தில் சீனர் ஒருவர் நடத்தும் பட்டறையில் பித்தளை வெட்டக் கொடுக்கிறார்கள். முதல் மாதிரியில் ‘நேர்மை’யின் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, சங்கிலிக்கொம்பும் அப்படியே, இடையில் புள்ளிகளால் ஆன வட்டங்கள் வேறு. நம் ஊரில் இது புதிதில்லை. 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்ட பிறகு அரசாங்க அறிவிப்புகளில் இந்த அலங்கோலம் எனக்கு அரிதாகவே கண்ணில் படுகிறது. தனியார் பலகைகளில் இன்னும் இருக்கிறது. காரணம் எளியது. யூனிகோடில் ‘நே’ என்பதை, ந முதலிலும் கொம்பு அடுத்ததிலுமாகச் சேமிக்கிறார்கள்; திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. பழைய வெட்டு இயந்திரத்தோடு வரும் மென்பொருளுக்கு அந்த வித்தை தெரியாது. எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பினால் இந்தச் சிக்கலே வராது என்பது மருமகனுக்கு நன்றாகத் தெரியும், அன்று மறந்துவிட்டார். தவறை ஒப்புக்கொண்டு, கூடுதல் காசு வாங்காமல் மறுபடி வெட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஒரு வாரம் போனது.

அந்த ஒரு வாரத்தில் கிடைத்த ஆறுதல், இரட்டைக்கொம்பைப் பற்றி டீச்சர் சொன்ன தகவல். ஓலைச்சுவடியில் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே தெரிந்த குழப்பத்தைத் தீர்க்க, நெடிலுக்கு இந்த இரட்டைக்கொம்பைக் கொண்டுவந்தவர், 1680இல் இத்தாலியில் பிறந்து 18ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் பணியாற்றிய வீரமாமுனிவர். தமிழுக்கும் லத்தீனுக்கும் அகராதி எழுதியவரும் அவரே. லத்தீனில் பிறந்த ஒரு சொல்லைத் தமிழில் எழுதப் போனால், லத்தீனில் புழங்கிய ஒருவர் தந்த கொம்பு முதலெழுத்திலேயே வந்து நிற்கிறது.

கட்டணம்: குறிப்பும் மொழிபெயர்ப்பும் பணித்தள வருகையும் சேர்த்து 420 வெள்ளி, பித்தளைப் பலகை தனியாக 680 வெள்ளி. முதல் நிறுவனத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு என்று கணக்குப் பிரிவில் முணுமுணுத்தார்கள். எனக்கு அது அதிகமாகப் படவில்லை. எரிச்சலூட்டியது வேறு: முன்கூட்டியே விலைப்பட்டியல் தரமாட்டார்கள், வேலை முடிந்த பிறகுதான் தொகை தெரியும். மின்னஞ்சலுக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் பதில் வரும். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பத்திரம் போன்றவற்றை நாளைக்குள் மொழிபெயர்க்க வேண்டுமென்றால் இங்கே போகாதீர்கள். டீச்சர் அவற்றுக்கும் ஐந்து கேள்வி கேட்பார். பலகை, அறிவிப்பு, கல்வெட்டு என்று நெடுநாள் நிற்க வேண்டியவற்றுக்குப் போகலாம். போகும்போது சுவரின் படத்தையும் அளவையும் கையோடு கொண்டுசெல்லுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.

பலகை மாட்டி ஐந்து மாதமாகிறது. பித்தளையை மெருகேற்றத் தடவும் பசை ‘ர்’மேல் இருக்கும் புள்ளிக்குள் தங்கி வெள்ளையாகக் காய்ந்துவிடுவதால், துப்புரவு செய்யும் அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பல்குத்தும் குச்சியால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் செய்யக் கொடுத்தால், புள்ளியின் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்து வெட்டச் சொல்லுங்கள்.